யாருக்காக நடப்பட்ட மரம்?



பாலைநிலம் பசுமையாகும் நாளைப் பற்றி எசாயா இறைவாக்கினர் பேசும்போது (எசா 41:17-19), கேதுரு, மிருதுச் செடி, ஒலிவம் என்று மரங்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். எண்ணிப் பார்த்தால் ஏழு வகை. அவற்றைக் கடவுள் நடுவது யாருக்காக? தண்ணீர் தேடி நாவறண்டு நிற்கும் ஏழைகளுக்காக. ஏழைகளின் தாகத்தில் தொடங்கிய பேச்சுதான் மரத்திற்கு வந்து சேர்கிறது.

மரம் நடுவது நல்லது. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் எந்த மரம், யாருடைய நிலத்தில், யாருக்காக என்ற கேள்விகளும் அதனோடு சேர்ந்தே எழ வேண்டும். நம் அண்டை மாநிலமான கர்நாடகத்தின் சிற்றூர் மக்கள் இக்கேள்விகளை எழுப்பினார்கள்.

1983 ஆகஸ்டில் தும்கூர் மாவட்டத்தில் சிறு உழவர்கள் வனத்துறை நாற்றங்காலுக்குத் திரண்டு சென்றனர். அங்கிருந்த தைலமரக் கன்றுகளைப் பிடுங்கிவிட்டு, புளியங்கொட்டையையும் மாங்கொட்டையையும் ஊன்றினர். மறு ஆண்டு நவம்பர் 14 அன்று, ரேயான் இழைக்கு மரக்கூழ் தேவைப்பட்ட ஒரு தனியார் ஆலையோடு மாநில அரசு ஒப்பந்தம் செய்தது. இரு தரப்பும் சேர்ந்து தொடங்கிய நிறுவனத்திற்கு, வடகர்நாடகத்தின் நான்கு மாவட்டங்களில் சுமார் 30,000 ஹெக்டேர் பொது நிலம் குறிக்கப்பட்டது.

ஏட்டில் அது தரிசு. ஊராருக்கோ மாடு மேயும் இடம், விறகு பொறுக்கும் இடம், சொந்த நிலம் இல்லாதவருக்கும் உரிமையுள்ள ஒரே இடம். தைலமரத்தின் இலையை ஆடுகூடக் கடிப்பதில்லை. ஆலைக்கு அது வசதி; மந்தையை நம்பி வாழ்பவருக்கு அது பட்டினி.

மக்கள் சட்டத்தின் வழியே சென்றனர். சமாஜ பரிவர்த்தன சமுதாய என்னும் அமைப்பும், ஞானபீட விருது பெற்ற எழுத்தாளர் சிவராம காரந்தும், வேறு பலரும் உச்ச நீதிமன்றத்தை நாடினர். ஒப்பந்தம் கையெழுத்தான அதே நவம்பர் 14இல், 1987ஆம் ஆண்டு, அன்றைய தார்வாடு மாவட்டத்தின் குஸ்னூரில் சுமார் 2,000 பேர் கூடினர். வன்முறையில் இறங்க மாட்டோம் என்று உறுதி எடுத்துக்கொண்டு, சுமார் நூறு தைலமரக் கன்றுகளைப் பிடுங்கினர். அந்த இடத்திலேயே பழமும் தீவனமும் தரும் கன்றுகளை நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்ப்போம் என்று வாக்குக் கொடுத்தனர். 1991இல் அந்த நிறுவனம் மூடப்பட்டது.

அன்பு நேயர்களே, பிடுங்கிய கையே நட்டது என்பதைக் கவனிப்போம். வெறுப்பு பிடுங்குவதோடு நின்றுவிடும். அன்பு நட்டுவிட்டுத் தண்ணீர்க் குடத்தோடு மறுநாளும் வரும்.

இது நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. நம் புதுக்கோட்டைப் பகுதியிலும் தைலமரக் காடுகளால் கண்மாய்களுக்கு நீர்வரத்து குறைகிறது என்று உழவர்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகின்றனர். காட்டை அழித்து ஒரே வகை மரங்களை நடுவதால் பல்லுயிர்கள் பாதிக்கப்படலாம் என்று திருத்தந்தை பிரான்சிசும் 2015இல் வெளியிட்ட ‘லவ்தாத்தோ சி’ சுற்றுமடலின் 39ஆம் எண்ணில் கவலை தெரிவித்துள்ளார். தன் சொந்த வயலில் நாலு காசு பார்க்கத் தைலமரம் வைத்த ஏழை விவசாயியை நாம் குற்றவாளியாக்க வேண்டாம். ஊரார் அனைவருக்கும் உரிய நிலத்தை ஊராரைக் கேளாமலே ஒரே பயிருக்கு ஒப்படைப்பதுதான் அநீதி.

நவம்பர் 14 நம் பள்ளிகளில் குழந்தைகள் தினம். அன்று இனிப்புக் கொடுப்பதோடு, பிள்ளைகளை ஊர்ப் புறம்போக்கிற்கும் கண்மாய்க் கரைக்கும் அழைத்துச் செல்வோம். முன்பு இங்கே என்னென்ன மரங்கள் நின்றன என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு அவர்கள் எழுதட்டும். புளி, வேம்பு, நாவல், இலுப்பை என்று அந்தப் பட்டியல் வளரும். அந்த விதைகளைக் கொண்டு பள்ளியிலேயே ஒரு நாற்றங்கால் போடலாம். பொது நிலத்தில் என்ன நடப்படுகிறது என்று கிராம சபையில் எழுந்து கேட்கும் துணிவை, பெற்றோராகிய நாம் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

செபிப்போம். ஏழு வகை மரங்களையும் ஒன்றாக நடும் இறைவா, ஏழையின் நிழலையும் நீரையும் பறிக்காத வளர்ச்சியை நாங்கள் தேடச் செய்தருளும். நாங்கள் நடும் ஒவ்வொரு கன்றும் அடுத்தவருக்கும் பழம் தரட்டும். ஆமென்.