விளையாட்டைத் தடுத்தால் வன்முறை நிற்குமா?

(ஆசிரியர் பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



வகுப்பில் ஒரு மாணவன் இன்னொருவனை அடித்துவிட்டால், "எல்லாம் அந்த செல்போன் கேம் செய்கிற வேலை" என்று சொல்லிவிடுகிறோம். பெற்றோரும் அதையே சொல்கிறார்கள். தடை செய்தால் சரியாகிவிடும் என்பாரும் உண்டு. இதைப் பல ஆண்டுகள் விவாதித்த அமெரிக்காவின் அனுபவத்தைப் பார்ப்போம்.

1999 ஏப்ரல் 20 அன்று கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் இரண்டு மாணவர்கள் சுட்டதில் 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் உயிரிழந்தனர். அந்த இருவரும் 'டூம்' என்னும் சுடும் விளையாட்டை விரும்பி ஆடியவர்கள் என்று தெரிந்ததும், பழியில் பெரும்பங்கு வீடியோ கேம் மீது விழுந்தது.

2005-இல் கலிபோர்னியா மாநிலம், வன்முறை மிகுந்த விளையாட்டுகளை 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்கத் தடைவிதித்துச் சட்டம் இயற்றியது. மீறினால் 1,000 டாலர் வரை அபராதம். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2011-இல் ஒன்பது நீதிபதிகளில் ஏழு பேர் அச்சட்டம் செல்லாது என்றனர். நூலுக்கும் திரைப்படத்துக்கும் உள்ள கருத்துரிமை வீடியோ கேமுக்கும் உண்டு என்பது தீர்ப்பு. விளையாட்டே வன்முறைக்குக் காரணம் என்பதை மாநில அரசு காட்டிய ஆய்வுகள் நிறுவவில்லை என்றும் நீதிமன்றம் கூறியது.

அதற்காக, விளையாட்டால் பாதிப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் சொன்னது இது: கத்துதல், தள்ளுதல் போன்ற முரட்டுத்தனத்தோடு வன்முறை விளையாட்டுக்குச் சிறு தொடர்பு உண்டு, கொடிய வன்முறைக்கு அதைக் காரணமாகக் காட்டப் போதிய சான்று இல்லை, அப்படிக் காட்டுவது மற்ற காரணங்களிலிருந்து கவனத்தைத் திருப்பிவிடும்.

அந்த மற்ற காரணங்கள்தாம் நம்மைச் சேர்ந்தவை. அமெரிக்க ரகசிய சேவைத் துறையும் கல்வித் துறையும் இணைந்து, 1974 முதல் 2000 வரை பள்ளிகளில் நடந்த 37 தாக்குதல்களை ஆராய்ந்து 2002-இல் அறிக்கை வெளியிட்டன. தாக்கியவர்கள் 41 பேர். வன்முறை வீடியோ கேம்களில் ஆர்வம் காட்டியவர்கள் அவர்களில் எட்டில் ஒருவரே. தம் கட்டுரை, கவிதை, நாட்குறிப்பு போன்ற சொந்த எழுத்தில் வன்முறையைக் காட்டியவர்கள் 37 விழுக்காடு. பிறரால் கேலிக்கும் துன்புறுத்தலுக்கும் ஆளானதாக உணர்ந்தவர்கள் 71 விழுக்காடு. ஐந்தில் நான்கு சம்பவங்களில், நடக்கப்போவது முன்கூட்டியே ஒருவருக்காவது தெரிந்திருந்தது; பெரும்பாலும் அவர் நண்பர் அல்லது வகுப்புத் தோழர்.

துப்பாக்கி எளிதில் கிடைக்கும் நாட்டின் கணக்கு இது. நம் பள்ளிகளுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்பதைக் காட்டுகிறது.

நம் நாட்டில் 2020 செப்டம்பரில் பப்ஜி தடைசெய்யப்பட்டபோது அரசு சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பு. பிள்ளைகளின் வன்முறை அன்று. பிள்ளைகள் வேறு விளையாட்டுக்கு மாறிக்கொண்டார்கள்.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. பெற்றோர் கூட்டத்தில் வயதுக் குறியீட்டைப் பற்றிச் சொல்லுங்கள். 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' 17 வயது நிரம்பியவர்களுக்கென்று குறிக்கப்பட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு உரியதன்று. இரவில் எத்தனை மணி வரை ஆடுகிறான், தூக்கம் போதுமா என்று கேளுங்கள். அடித்த மாணவனிடம், "என்ன கேம் ஆடுகிறாய்?" என்று கேட்பதற்கு முன், "உன்னை யார் என்ன சொன்னார்கள்? வீட்டில் எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். கட்டுரையில் ரத்தமும் பழிவாங்கலும் வந்தால், சிவப்பு மையால் அடித்துவிட்டு நகராமல், அவனை அருகில் உட்காரவைத்துப் பேசுங்கள்.

இன்னொன்றும் உண்டு. வகுப்பில் நடப்பது நமக்கு முன்பே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது. காட்டிக்கொடுத்தவன் என்ற பெயர் வராது, ஆசிரியர் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் வந்து சொல்வார்கள். அந்த நம்பிக்கையை எந்தத் தடைச் சட்டமும் உண்டாக்காது. தினமும் வகுப்பில் நிற்கும் நாம்தான் உண்டாக்க வேண்டும்.