ஒரு மரத்தடியும் மூன்று பேரும்



அமெரிக்காவின் தென்பகுதியில் லைவ் ஓக் என்றொரு மரம் உண்டு. மற்ற ஓக் மரங்களில் பல குளிர்காலத்தில் மொட்டையாகி நிற்கும். இது பச்சையாகவே இருக்கும். வசந்தத்தில் புதுத்தளிர் வரும்போதுதான் பழைய இலையை உதிர்க்கும். உயரத்தைவிட அகலம் அதிகம். பெருங்கிளைகள் தரையைத் தொட்டுக் கிடப்பதும் உண்டு.

1867-இல் ஜான் மியூர் என்ற இளைஞர் தொழிற்சாலையில் கண்ணில் அடிபட்டு, வாரக்கணக்கில் இருட்டறையில் கிடந்தார். பார்வை திரும்பியதும், மெக்சிகோ வளைகுடாவை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார். சவானா நகரில் கையில் காசில்லை. வீட்டிலிருந்து பணம் வரும்வரை பொனவென்சர் கல்லறைத் தோட்டத்தில், லைவ் ஓக் மரங்களுக்கு நடுவே படுத்துறங்கினார். பார்த்ததைக் குறிப்பேட்டில் எழுதினார், வரைந்தார். அவரை அறிவியலர் என்பதா, கலைஞர் என்பதா? நாம்தான் இரண்டையும் தனித்தனிப் பாடவேளையாக்கி வைத்திருக்கிறோம்.

அந்தக் கிளைகளில் சாம்பல்நிறத் தாடிபோல் தொங்குவது ஸ்பானிஷ் பாசி. பெயர்தான் பாசி, உண்மையில் அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த பூக்கும் தாவரம். மரத்தின் சாற்றை உறிஞ்சாது. மழையிலும் காற்றிலும் கிடைப்பதைக் கொண்டே வாழும். கிளைமேல் ஒரு பெரணியும் வளரும். வறட்சியில் சுருண்டு செத்ததுபோல் இருக்கும். மழை பெய்தால் விரைவில் பச்சையாகிவிடும். கவிஞர் விட்மனும் இந்த மரத்தைப் பாடியிருக்கிறார். லூசியானாவில் தனித்து நின்ற லைவ் ஓக் பற்றிய அவர் கவிதை 1860-இல் வெளிவந்தது.

எனக்கு இவர்களைவிட நெருக்கமானவர் ஓர் ஆசிரியை: மேரி பீக். வர்ஜீனியாவில் கறுப்பின அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதைச் சட்டம் தடுத்திருந்த காலம். உள்நாட்டுப் போரில், அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தவர்களின் பிள்ளைகளுக்கு 1861-இல் ஹாம்ப்டனில் ஒரு லைவ் ஓக் நிழலில் பாடம் நடத்தினார். அடுத்த பிப்ரவரியில் காசநோயால் இறந்துபோனார். 1863-இல் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் அதே மரத்தடியில் வாசிக்கப்பட்டது. இன்று அது ஹாம்ப்டன் பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கிறது. கிளைவிரிவின் விட்டம் ஏறக்குறைய 98 அடி.

"பிள்ளைகளை ஏன் வெளியே உட்கார வைத்தீர்கள்?" என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. சென்ற வாரம் எங்கள் பள்ளி வேம்பின் அடியில் ஆறாம் வகுப்பை உட்காரவைத்தேன். பாதிப் பேர் நூல் கொண்டு சுற்றளவு எடுத்தார்கள். மீதிப் பேர் பட்டையை வரைந்தார்கள். அளந்தவர்கள் பார்க்காத ஒரு பொந்தை வரைந்தவள் கண்டுபிடித்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்ற சண்டை இன்னும் தீரவில்லை.