உங்கள் பெயரை நீங்களே எழுதுங்கள்

இன்று பட்டம் பெறும் என் அன்புப் பிள்ளைகளே!

உங்களிடம் நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. உங்கள் வாழ்க்கையைத் தீர்மானிக்கிற எந்தத் தாளிலும் உங்கள் கையொப்பம் இருக்க வேண்டும். அதை வேறொருவர் உங்களுக்காக இட்டுவிட அனுமதிக்காதீர்கள்.

இதை நான் கற்றது இந்தக் கற்பிட்டி மண்ணில். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவிலிருந்த எங்களில் ஏராளமானோர் வள்ளங்களில் ஏறி, கடல்வழியே இங்கு வந்து கரை இறங்கினோம். உடுத்திருந்த உடுப்பும் இடுப்பிலிருந்த பிள்ளையும்தான் பல தாய்மாருக்கு மிஞ்சிய சொத்து. இந்த ஊர்ச் சனம் பள்ளிவாசலையும் பாடசாலையையும் எங்களுக்குத் திறந்துவிட்டது. தன் உலையில் எங்களுக்கும் சேர்த்து அரிசி போட்டது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். முதலில் உங்களுக்கு என் நன்றி.

சில வாரங்களில் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தோம். கிடுகுக் கொட்டில்களிலேயே ஆண்டுகள் போயின. கடலை நம்பிப் பிழைத்த ஆண்களிடம் வலையும் இல்லை, வள்ளமும் இல்லை. அப்போது வெங்காயத் தோட்டங்களுக்கும் மிளகாய்த் தோட்டங்களுக்கும் கூலிக்குப் போய் அடுப்பை எரியவைத்தவர்கள் பெண்கள். என் உம்மாவும் போனார். பொழுதுபட வீடு வரும்போது நகக்கண்ணில் மணல், விரலெல்லாம் வெங்காய வாடை. எத்தனை தரம் கழுவினாலும் போகாத அந்த வாடையோடுதான் எங்களுக்குச் சோறு ஊட்டினார். ஆனால் எங்கள் நிவாரண அட்டையில் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அவர் பெயர் இருக்கவில்லை. வீட்டைச் சுமந்தவர் ஒருவர், தாளில் இருந்தவர் வேறொருவர்.

முகாம்களில் பெண்கள் ஒன்றுகூடத் தொடங்கியது பெரிய தத்துவம் பேசுவதற்காக இல்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டும், ஒதுக்குப்புறமான மலசலகூடம் வேண்டும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வேண்டும். இவற்றைக் கேட்கப் பழகிய வாய்தான் பிறகு சட்டத்தையும் கேட்டது. புத்தளத்தில் முஸ்லிம் பெண்கள் அபிவிருத்தி டிரஸ்ட்டை நடத்திவரும் ஜுவைரியா மொஹிதீன், மன்னாரில் பெண்களின் சம்மேளனத்தைக் கட்டியெழுப்பிய ஷிரீன் சரூர் இருவரும் அந்த வெளியேற்றத்தின் பிள்ளைகள்தான். இழந்த வீட்டை எண்ணி அழுதுகொண்டே, அடுத்தவளின் வழக்குக்குத் துணைபோன தலைமுறை அது.

எந்தச் சட்டத்தைக் கேட்டோம் என்று சொல்கிறேன். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம், திருமணப் பதிவில் மணமகனின் கையொப்பத்தையும் மணமகளின் வலியின், அதாவது ஆண் பாதுகாவலரின், கையொப்பத்தையும் கேட்கிறது. மணமகளின் கையொப்பத்தைக் கேட்கவில்லை. முஸ்லிம் விவாக வழக்குகளை விசாரிக்கும் காதி ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது. மணமகளுக்குக் குறைந்தபட்ச வயதும் வகுக்கவில்லை. பன்னிரண்டுக்குக் கீழ் என்றால் காதியின் அனுமதி போதும். நாட்டின் ஏனைய பெண்களுக்கு 1995 முதல் பதினெட்டு. இந்தச் சட்டத்தை ஆராய 2009இல் நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை கையளிக்கப்பட்டது 2018இல். திருத்தம் கேட்டால் மார்க்கத்துக்கு எதிரானவள் என்றார்கள். மொரோக்கோ 2004இலேயே பெண்ணின் திருமண வயதைப் பதினெட்டாக்கி, வயதுவந்த பெண் தன் திருமணத்தைத் தானே ஒப்பந்தம் செய்ய வழிவிட்டது. அங்கும் பாங்கு சொல்கிறார்கள், நோன்பு பிடிக்கிறார்கள். மார்க்கத்தை நேசிக்கிற ஒரு பெண் அதன் பெயரால் நடக்கும் அநீதியைச் சகிக்க வேண்டியதில்லை.

கைக்குழந்தைக்குத் தாபரிப்புக் கேட்டுப்போன ஒரு பிள்ளையோடு காதி விசாரணைக்கு நான் துணைபோனேன். காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணி வைக்க முடியாது. அவள் ஒரு பிளாஸ்டிக் பையில் மருந்துத் துண்டுகளையும் பால்மா வாங்கிய பற்றுச்சீட்டுகளையும் திகதிவாரியாக அடுக்கிக் கொண்டுவந்திருந்தாள். கேள்வியெல்லாம் அவளுடைய வாப்பாவைப் பார்த்தே கேட்கப்பட்டது. கொஞ்ச நேரம் பொறுத்திருந்தாள். பிறகு எழும்பி, பையை மேசையில் வைத்து, “புள்ள என்னட்ட இரிக்கி. என்னட்டக் கேளுங்க” என்றாள். அவளுக்குக் கிடைத்த தொகை சிறியது. ஆனால் பிறகு பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அதே வாசலில் பிரச்சினை வந்தபோது, துணைக்குப் போனவள் அவள்தான். பெண் செயற்பாட்டாளர் என்று யாரைச் சொல்வது என்று என்னைக் கேட்டால், அவளைத்தான் காட்டுவேன்.

குடும்பமா, பொதுவேலையா என்று உங்களிடமும் கேட்பார்கள். நான் கூட்டங்களுக்குப் போன காலத்தில் என் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, ஓதவைத்து, உறங்கவைத்தவர் என் மாமி. எழுதப்படிக்கத் தெரியாதவர். ஊர் வாய் நீண்டபோது, வேலிக்கரையில் நின்று பதில் சொன்னவரும் அவரே. ஆகவே, குடும்பம் எதிர்க்கத்தான் செய்யும் என்று முன்கூட்டியே முடிவுகட்டாதீர்கள். உட்கார்ந்து பேசுங்கள், உதவி கேளுங்கள். இங்கிருக்கும் ஆண்பிள்ளைகளே, உங்களையும்தான் சொல்கிறேன். உங்கள் தாயும் மனைவியும் வெளியே போய் வர, வீட்டில் ஒரு நேரச் சோற்றை ஆக்கிவைக்க உங்களாலும் முடியும்.

நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். வேலைக்குப் போகும் வயதுப் பெண்களில் உழைக்கும் படையில் இருப்பவர்களோ மூன்றில் ஒரு பங்கு அளவில்தான். படிக்கவைத்த பிள்ளையின் பட்டம் பெட்டிக்குள் கிடக்க, அவளுக்குக் கைக்கூலி எவ்வளவு என்று பேரம் நடக்கிறது. மகளே, உன்னைக் கட்டிக்கொள்ள ஒருவனுக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று யார் சொன்னாலும் நம்பாதே. நிறம், உடம்பு, சீதனம், மாப்பிள்ளையின் உத்தியோகம் ஆகியவற்றால் உன்னை எடைபோடுகிறவர்கள் உன் மதிப்பை அறியமாட்டார்கள். அதை நீயே அறிந்திருக்க வேண்டும். அறிந்தவளுக்குத்தான் ‘மாட்டேன்’ என்று சொல்லத் துணிவு வரும்.

எனக்கு வயதாகிவிட்டது. முழங்கால் சொல்வதைக் கேட்பதில்லை. முன்பு ஒரே மூச்சில் பேசியதை இப்போது நிறுத்தி நிறுத்திப் பேசுகிறேன். ஆனாலும் முதுமையை நான் விரும்புகிறேன். ஊர் என்ன நினைக்கும் என்ற பயம் என்னை விட்டுப் போய்விட்டது. இளம் பெண்ணொருத்தி சொன்னால் அடக்கம் இல்லாதவள் என்பார்கள். அதையே நான் சொன்னால் காது கொடுக்கிறார்கள். இந்த நரையை அந்தப் பிள்ளைகளுக்காகச் செலவழிப்பதே என் கடமை. உங்கள் வீட்டு உம்மம்மாக்களையும் பாட்டிமாரையும் மூலையில் உட்காரவைத்து மாத்திரை மட்டும் கொடுக்காதீர்கள். அவர்களிடம் கதை கேளுங்கள், யோசனை கேளுங்கள். கையில் கொஞ்சம் காசும் கொடுங்கள்.

பிள்ளைகளே, நாளையிலிருந்து செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். முதல் சம்பளத்தை உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் போடுங்கள். வாசிக்காத எந்தத் தாளிலும் ஒப்பமிடாதீர்கள். திருமணப் பேச்சு வந்தால் உங்கள் சம்மதத்தை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும், பதிவுத் தாளில் உங்கள் ஒப்பமும் வேண்டுமென்று நீங்கள் கேளுங்கள். உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 வீதம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த ஆசனங்களில் சொந்தமாக முடிவெடுக்கிற பெண்கள் அமர வேண்டும். உங்களில் சிலர் கற்பிட்டிப் பிரதேச சபைக்குப் போட்டியிட வேண்டும். நான் வீடு வீடாக வந்து வாக்குக் கேட்பேன்.

என் உம்மாவின் தலைமுறை உழைத்தது. என் தலைமுறை கேட்டது. முடிவெடுக்க வேண்டியது நீங்கள். அதற்கான கல்வி இப்போது உங்கள் கையில் இருக்கிறது. வல்ல இறைவன் உங்களுக்குத் துணிவையும் நல்ல துணையையும் தரட்டும்.