சோத்துப்பாறைக்கு மேலே



தை மாசம் எங்க குழுவில் ஒன்பது பேர், வனத்துறையில் அனுமதி வாங்கி, சோத்துப்பாறை அணையில் இருந்து கல்லாறு வரை நடந்து போய், இருட்டுறதுக்குள் திரும்பினோம். "பொம்பளைகளுக்கு மலையில என்ன சோலி?" என்று கேட்டவர்கள் உண்டு. பெரியகுளத்தில் நாம குழாயில் பிடிக்கிற தண்ணீர் அங்கே இருந்துதானே வருது!

அணைக்கு மேலே இரண்டு மலைக்கு நடுவில் கெவி. ஒத்தையடிப் பாதை. எனக்கு முட்டி நடுங்கிருச்சு. எதிரே சின்னூர் அக்கா ஒருத்தர் தலையில் காப்பிக்கொட்டை மூட்டையோடு இறங்கி வந்தார். "இதுக்கே மூச்சு வாங்குதா? ஆத்துல வெள்ளம் வந்தா பிள்ளைத்தாச்சியை டோலி கட்டிக்கூட கடத்த முடியாது" என்றார், சிரித்துக்கொண்டே.

126 அடி நிறைஞ்சு அணை மறுகால் பாய்ந்தால் நாம பிள்ளைகளோடு வேடிக்கை பார்க்கப் போறோம். அதே மழையில் அவுங்களுக்கு வழி அடைபடுது.

அந்த ஊர்ப் பெண்களையும் நம்ம கூட்டமைப்பில் சேர்க்கணும். காப்பியை, மிளகை வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிடாமல் இருப்பு வைத்து விற்க நம்ம கடன் உதவும். அவுங்களைக் கீழே கூப்பிட வேண்டாம். ஆற்றில் தண்ணீர் குறைஞ்சதும் கோடைக் கூட்டத்தை அங்கேயே வைப்போம். என் பெயரை முதலில் எழுதிக்கோங்க.