பழைய சோறும் பார்க்கின்சன் நோயும்

இரவில் மிஞ்சிய சோற்றை ஆறவிட்டு, மூழ்கத் தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் மூடி வைத்தால், விடிவதற்குள் அது புளித்துப் பழைய சோறாகிறது. லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகுவதால்தான் நீராகாரத்துக்கு அந்த மெல்லிய புளிப்பு. ஆறிய சோற்றின் மாவுச்சத்தில் ஒரு பங்கு சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை உண்டு பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தருகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கியமான ஆகாரம் அதுதான்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரம் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமி. நாற்று நடப் போனவர்கள் சின்ன வெங்காயத்தோடு குடித்துவிட்டுப் போன காலை உணவு பழைய சோறு. இன்று கார் தொழிற்சாலையின் முதல் ஷிப்டுக்கு இருட்டோடு பஸ் ஏறுபவருக்கும், அடுப்பு மூட்டாமல் கிடைக்கும் நல்ல உணவு இதைப் போல வேறில்லை.

புளித்த உணவெல்லாம் உயிருள்ள நுண்ணுயிர்களைத் தருவதில்லை. பக்கத்துக் காஞ்சிபுரத்தின் கோயில் இட்லி மிளகு, சீரகம், சுக்கு சேர்ந்த மாவில், மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் வேகிறது. மாவு புளித்ததால் செரிமானம் எளிதாகும். நுண்ணுயிர்களோ ஆவியிலேயே மடிந்துவிடும். பழைய சோறும் மோரும் புளித்த பின் வேகவைக்காமல் உண்ணப்படுவதே அவற்றின் தனிச்சிறப்பு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி, குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு உதவுமா என்பதை அரசு நிதியோடு ஆராய எடுத்துக்கொண்டது, நெடுநாள் முன்பே நடந்திருக்க வேண்டிய வேலை.

மூளைக்கு வருவோம். பார்க்கின்சன் நோயில் கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மலச்சிக்கல் தலைகாட்டுவதுண்டு. நோய் குடலில் தொடங்கி குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியே மூளைக்கு ஏறக்கூடும் என்ற கருத்தை ஜெர்மானிய அறிஞர் ஹைக்கோ பிராக் 2003இல் முன்வைத்தார். 2016இல் அமெரிக்காவின் கால்டெக் ஆய்வாளர்கள், இந்நோய்க்கான மரபணு மாற்றம் செய்த எலிகளுக்கு நோயாளிகளின் குடல் நுண்ணுயிர்களைச் செலுத்தியபோது அவற்றின் உடலியக்கம் மேலும் குன்றியது. உணவால் குடல் நுண்ணுயிர்கள் மாறுமா என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 36 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், பத்து வாரம் புளித்த உணவு உண்டவர்களின் குடல் நுண்ணுயிர் வகைகள் பெருகின. ரத்தத்தில் அழற்சிப் புரதங்கள் குறைந்தன. ஆனால் அவர்கள் உண்டது தயிர், கிம்ச்சி போன்றவை. ஆராயப்பட்டது மூளை நோயும் அன்று.

ஆகவே பழைய சோறு பார்க்கின்சனைத் தடுக்கும், மறதி நோயான அல்சைமரைத் தீர்க்கும் என்று சொல்ல ஆதாரமில்லை. அதை நம்பி, பார்க்கின்சனுக்கான லெவோடோப்பா மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும் நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களும் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயைக் குறைத்துக்கொள்ளலாம். வாடை மாறி, நூல் விடும் சோற்றைக் கொட்டிவிட வேண்டும்.