அம்மாயி பார்க்காத கடல்

(தலைப்பு: விடுமுறைச் சுற்றுலாவில் பெரிதும் மகிழ்ச்சி தருவது திட்டமிட்ட பயணமா, திடீர்ப் பயணமா? 'திட்டமிட்ட பயணமே' என்ற அணியில் பேசியது.)

எதிரணியில் பெட்டி கட்டாமலே வந்து உட்கார்ந்திருக்கும் நண்பர்களே! (சிரிப்பு) நான் கருமத்தம்பட்டியிலிருந்து வந்திருக்கிறேனுங்க.

எனக்கு முன்னால் பேசிய ஐயா, "நெனச்சோம், கெளம்பினோம், அதுதாங்க சுகம்"னு சொன்னார். எங்க வீட்டுக்காரரும் அந்தக் கட்சிதான். 2024 மே மாசம், ஞாயித்துக்கிழமை காலையில, "கெளம்பு, ஊட்டிக்குப் போலாம்"னார். கல்லாறு சோதனைச் சாவடியில நிறுத்தி, "இ-பாஸ் எங்கீங்க?"ன்னு கேட்டாங்க. இவர் லைசென்ஸை எடுத்து நீட்டறார்! (பலத்த சிரிப்பு)

உயர் நீதிமன்ற உத்தரவுப்படி அந்த மே 7ஆம் தேதியிலிருந்தே நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. ஊருக்கே தெரியும், எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியாது. ரோட்டோரம் நின்னு செல்போன்ல பதிவு பண்ணி, மலை ஏறுறதுக்குள்ள மதியம் ஆயிடுச்சு. நாங்க ஊட்டியைப் பார்க்கலீங்க. முன்னாடி போன வண்டியோட நம்பர் பிளேட்டைத்தான் பார்த்தோம். (கைதட்டல்)

நடுவர் அவர்களே, நம்ம நாடு ஒரே மாதிரி நாடா இருந்தா, திடீர்னு கிளம்பலாம். இது அப்படிப்பட்ட நாடா? குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலைன்னு நிலத்தையே ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பொழுதையும் சேர்த்துச் சொன்னவன் தமிழன். இடத்தைச் சொன்னவன் காலத்தை ஏன் சொன்னான்? எந்த நிலத்துக்கு எப்போது போகணும்னு தெரிஞ்சிருக்கணும் என்பதற்காகத்தானே!

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். நம்ம ஊரைவிடப் பத்து டிகிரிக்கு மேல குளிர் கூட. ஸ்வெட்டர் இல்லாம கைக்குழந்தையைத் தூக்கிட்டுப் போனா, அது திடீர்ப் பயணம் இல்லை, திடீர்க் காய்ச்சல்! மே மாசம் குற்றாலம் போனா பல வருஷம் பாறையைத்தான் பார்க்கணும். சாரல் ஜூனில்தான் தொடங்கும். குறிஞ்சிப் பூவோ 12 வருஷத்துக்கு ஒருதரம். 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது. "நெனச்சோம், வந்தோம்"னா பூ என்ன நமக்காகவா காத்திருக்கும்? (கைதட்டல்)

பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலம். ஆனி, ஆடியில அந்தப் பக்கம் கொட்டுகிற மழை, இந்தப் பக்கம் நமக்கு வெறும் காத்தாத்தான் வருது. ஒரு மலைக்கு இரண்டு பக்கமும் இரண்டு காலம். இதைத் தெரிஞ்சுக்காமக் கிளம்பலாமா?

இப்போ சிரிப்பை நிறுத்திட்டு ஒண்ணு சொல்றேனுங்க.

எங்க அம்மாயிக்கு ஒரே ஒரு ஆசை. கடல் பார்க்கணும். எங்க ஊர்ல இருந்து கொச்சிக் கடல் இருநூறு கிலோமீட்டர் சொச்சம். "இங்கிருக்கற கொச்சி! நெனச்சாப் போலாம் அம்மாயி"ன்னு எல்லோரும் சொன்னோம். தறி ஓடுது, அடுத்த மாசம். பாவு வந்திருக்குது, அடுத்த வருஷம். நெனச்சாப் போலாம், நெனச்சாப் போலாம்னு இருபது வருஷம் சொன்னோம். கடலைப் பார்க்காமலே அம்மாயி போயிட்டாங்க.

தூரமா இருந்திருந்தா திட்டம் போட்டிருப்போம். பக்கத்துல இருந்ததாலதான் போகலை, ஐயா!

அதுக்கப்புறம் எங்க அம்மாவுக்காகக் காலண்டர்ல தேதி குறிச்சோம். ஆடி வேண்டாம், மேற்குக் கடல் கொந்தளிக்கும், தை மாசம். பொங்கலுக்குத் தறியும் நிக்கும், பள்ளிக்கூடமும் லீவு. மாசாமாசம் உண்டியல்ல ஐந்நூறு ரூபாய். அறுபது நாளைக்கு முன்னாடியே ரயில் டிக்கெட். அம்மாவுக்கு முழங்கால் வலி. அதனால தங்கறதுக்குக் கீழ்த்தளத்துல ரூம். செராய் கடற்கரையில அலை வந்து காலை நனைச்சுது. அம்மா சிரிக்கலை. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "இத்தன பக்கத்துலயா கண்ணு இருந்துச்சு? எங்கம்மா பார்த்திருக்கலாமே!"ன்னாங்க.

(அரங்கில் அமைதி)

எதிரணி கேட்கும், "திட்டம் போட்டா எதிர்பாராத சந்தோஷம் ஏதும்மா?" என்று. நான் தறிக்கார வீட்டுப் பொண்ணுங்க. பாவு போடாம ஊடை ஓட்ட முடியுமா? திட்டம் என்பது பாவு. அது நீளவாக்கில் இறுக்கமா நிக்கும். வழியில குடிச்ச இளநி, ரயில்ல சிநேகமான குடும்பம், அம்மா சொன்ன அந்த ஒரு வார்த்தை, இதெல்லாம் ஊடை. ஊடைக்கு எந்த வண்ணம் வேணுமானாலும் போடுங்க. ஆனா பாவு இல்லாம வெறும் ஊடை, துணி ஆகாது, நூல் சிக்கல்தான் ஆகும்! (பலத்த கைதட்டல்)

இன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போனதும், உங்க வீட்டுப் பெரியவங்களை ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "நீங்க பார்க்காத எடம் எதுங்க?" பதில் வந்ததும் காலண்டரை எடுங்க. "நெனச்சாப் போலாம்"னு மட்டும் சொல்லாதீங்க.

ஆகவே, மகிழ்ச்சி தருவது திட்டமிட்ட பயணமே, திட்டமிட்ட பயணமே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.