கோல் போடாதவர்களுக்கும் ஒரு மாலை

கோல் போட்டவரின் பெயர் எல்லாருக்கும் தெரியும். ஆட்டத்துக்கு நாள் குறித்தவர், நடுவரை ஏற்பாடு செய்தவர், கணக்கு எழுதியவர் யார் என்று கேட்டால் தலையைச் சொறிவோம்.

அமரர் டத்தோ பீட்டர் வேலப்பன் அப்படித் திரைமறைவில் உழைத்தவர். நெகிரி செம்பிலானில் 1935இல் பிறந்தவர். 1978 முதல் 2007 வரை ஆசியக் காற்பந்து சம்மேளனத்தின் பொதுச் செயலாளர். தலைவர்கள் மாறினார்கள், 29 ஆண்டுகள் அவர் மட்டும் அதே நாற்காலியில் இருந்து வேலை பார்த்தார்.

1978 உலகக் கிண்ணத்தில் ஆடிய ஒரே ஆசியக் குழு ஈரான். 2002இல் அந்தப் போட்டியே தென்கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் வந்தது. 2006இல் ஆசியாவிலிருந்து நான்கு குழுக்கள் ஆடின. இது ஒருவரால் மட்டும் நடந்ததல்ல. ஆனால், அலுவலகத்தில் ஒருவர் நிலைத்து நிற்காமல் இவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது. 2018 அக்டோபரில் அவர் மறைந்தார்.

நம் பினாங்குத் திடல்களிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. கோடு போடுகிறார்கள், பந்துக்குக் காற்றடிக்கிறார்கள், பையன்களை ஏற்றிச்செல்ல வேனுக்குப் பணம் தேடுகிறார்கள். அவர்கள் ஓய்ந்து, அந்த வேலைக்கு வேறு ஆள் வராவிட்டால் குழுவே கலைந்துவிடும். அடுத்த பரிசளிப்பு விழாவில் அவர்களையும் மேடைக்கு அழையுங்கள். இரங்கல் செய்தியைவிட, இருக்கும்போது போடும் மாலைக்குத்தான் மணம் அதிகம்.